பத்துச் சரம் சோழிக்கு ஓர் ஆமை: யீ ஜிங்கும் கைக்காசும்

சீன வங்கிகளில் 'லிசாய்' என்று ஒரு பிரிவு இருக்கும். கையில் மிஞ்சிய பணத்தை எதில் போடலாம், எத்தனை மாதம் எடுக்காமல் வைக்க வேண்டும், என்ன வருமானம் எதிர்பார்க்கலாம் என்று பேசும் இடம் அது. நம் வங்கிகள் வெல்த் மேனேஜ்மென்ட் என்று பலகை மாட்டியிருப்பதற்கு நிகரானது. 'லி' என்றால் சீர்செய்தல், 'சாய்' என்றால் செல்வம். ஏதோ விளம்பரத் துறையில் பிறந்த சொல் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அதற்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். யீ ஜிங் என்ற குறிநூலோடு பிற்காலத்தில் சேர்ந்த 'பத்துச் சிறகுகள்' என்னும் உரைப்பகுதியில் அது வருகிறது. 'மனிதர்களைக் கூட்டி வைப்பது எது? செல்வம். செல்வத்தைச் சீர்செய்து, சொல்லை நேராக்கி, மக்கள் தவறு செய்யாமல் தடுப்பதற்குப் பெயர் நீதி' என்பது அந்த வரியின் பொருள்.

ஆங்கிலம் வழியாக வந்ததால் நம்மில் பலர் இந்த நூலை 'ஐ சிங்' என்று படித்திருப்போம். சீனர் வாயில் அது யீ ஜிங். 'யீ' என்றால் மாற்றம், 'ஜிங்' என்றால் நூல். அந்த 'யீ'யும் பணத்துக்குத் தொலைவில் இல்லை. கொடுக்கல் வாங்கலுக்குச் சீனத்தில் 'ஜியாவ்யீ' என்பார்கள். ஷாங்காய் பங்குச்சந்தையின் சீனப் பெயரிலேயே அந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பொருள் கை மாறுவதும், வெயில் மழையாக மாறுவதும் அந்த மொழியில் ஒரே எழுத்து. நூல் முழுக்கக் 'குறிகள்', அதாவது ஆறு கோடுகள் அடுக்கிய உருவங்கள். முதல் குறிக்கு உரிய வாசகம் நான்கே சொற்கள். அதில் மூன்றாவது சொல் 'லீ'. இது சீர்செய்தல் இல்லை, வேறு எழுத்து. நெற்கதிரும் கத்தியும் சேர்ந்த உருவம், அதாவது அறுவடை. இன்றைய சீனத்தில் வட்டிக்கும் லாபத்துக்கும் முன்னால் நிற்பது அதே எழுத்துதான்.

இவ்வளவு நெருக்கம் இருப்பதால் 'யீ ஜிங் வைத்துப் பணக்காரர் ஆகலாம்' என்று சொல்லும் புத்தகங்களும் வகுப்புகளும் செயலிகளும் பெருகியதில் வியப்பில்லை. நான் சொல்ல வருவது வேறு. எதை வாங்கலாம், எப்போது விலை ஏறும் என்று இந்த நூலிடம் கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. பணம் வரும்போதும் போகும்போதும் மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பற்றி அதற்கு நிறையத் தெரியும். கடையில் விற்பது முதலாவது. நூலில் இருப்பது இரண்டாவது.

ஆமை ஓடும் சோழியும்

கதை ஆமை ஓட்டில் தொடங்குகிறது. ஷாங் வம்சத்து அரசர்கள், இன்றைக்கு 3,000 ஆண்டுகளுக்கு முன்பு, ஆமையின் அடிவயிற்று ஓட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் சூடு வைத்து, அது வெடிக்கும் விரிசலைப் பார்த்துப் பலன் சொன்னார்கள். கேள்வியையும் சில சமயம் விடையையும் அதே ஓட்டில் கீறி வைத்தார்கள். மழை வருமா, விளைச்சல் எப்படி, போருக்குப் போகலாமா, அரசி பெறப்போவது ஆணா பெண்ணா, அரசனின் பல்வலிக்கு எந்த மூதாதை காரணம் என்றெல்லாம் கேள்விகள். 1899-இல் வாங் யிரோங் என்ற அறிஞர் இந்த எழுத்துகளை அடையாளம் கண்டார். அவை வந்த இடம் ஹெனான் மாகாணத்து அன்யாங் என்பது பிறகு தெரிந்தது. அடுத்து வந்த ஜோ வம்சத்தில் ஒருவகைக் காட்டுச்செடியின் காய்ந்த தண்டுகளை எண்ணிக் குறி பார்க்கும் முறை மேலெழுந்தது. அதிலிருந்து விளைந்த தொகுப்புதான் யீ ஜிங். அதனால் அதற்கு 'ஜோ யீ' என்றும் பெயர்.

அதே அன்யாங்கில் 1976-இல் ஃபூ ஹாவ் என்ற அரசியின் கல்லறையைத் திறந்தார்கள். வெண்கலமும் பச்சைக்கல்லும் போக, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சோழிகள் இருந்தன. சோழி அங்கே செல்வம். வாங்கு, வில், விலையுயர்ந்தது, மலிவு, வறுமை, பேராசை என்ற பொருள்களுக்கான மரபுச் சீன எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒரு மூலையில் சோழியின் உருவம் இருக்கிறது. நம் பக்கத்தில் சோழியை உருட்டிப் பிரசன்னம் பார்த்தார்கள். அவர்கள் சோழியைக் கொடுத்துப் பொருள் வாங்கினார்கள். குறி பார்க்க அவர்களிடம் ஆமை இருந்தது.

இரண்டும் ஒரே வரியில் சந்திக்கும் இடம் யீ ஜிங்கில் உண்டு. 'யாரோ ஒருவர் பத்துச் சரம் மதிப்புள்ள ஆமையைத் தருகிறார். மறுக்க முடியாது.' சரம் என்பது சோழிச் சரம். ஒரு சரத்தில் எத்தனை சோழி என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. எப்படியும் பத்துச் சரம் பெரிய தொகை. எதிர்காலத்தைச் சொல்லும் கருவிக்கே விலை போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இந்த வரியில் பிடித்தது.

சரம் என்பதற்கான 'பெங்' என்ற சொல்லுக்கு இன்று நண்பன் என்று பொருள். இரண்டாவது குறியில் 'தென்மேற்கே பெங் கிடைக்கும், வடகிழக்கே பெங் போகும்' என்று வருகிறது. கிடைப்பது நண்பரா, காசா? பழைய உரைகள் நண்பர் என்றே கொண்டன. இக்கால ஆய்வாளர்களில் ஒரு சாரார் சோழிதான் என்கிறார்கள். நண்பனுக்குக் கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கு இந்த இரண்டு பொருளில் எதையும் விட்டுக்கொடுக்க மனம் வராது.

மூன்று காசு, ஆறு வீச்சு

குறி எடுக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் பல மயக்கங்கள் தீரும். நூலில் மொத்தம் 64 குறிகள். ஒவ்வொன்றும் ஆறு கோடுகள், கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டவை. கோடு முழுதாக இருக்கலாம், நடுவில் உடைந்திருக்கலாம். ஆகவே இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64. ஒவ்வொரு குறிக்கும் ஒரு வாசகம், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வாசகம். கோடுகள் மட்டும் 384.

பழைய முறையில் 50 தண்டுகள். ஒன்றை ஒதுக்கிவிட்டு 49-ஐ இரண்டாகப் பிரித்து, நான்கு நான்காக எண்ணி, மீதியை எடுத்து வைப்பார்கள். இதை மூன்று முறை செய்தால் ஒரு கோடு. ஆறு கோட்டுக்கு 18 முறை. அரை மணி நேரம் போய்விடும். பின்னால் மூன்று காசுகளைச் சுண்டும் முறை வந்தது. காசின் ஒரு பக்கத்துக்கு 2, மறு பக்கத்துக்கு 3 என்று வைத்துக் கூட்டினால் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்று வரும். 7-ம் 9-ம் முழுக்கோடு, 6-ம் 8-ம் உடைந்த கோடு. இதில் 6-ம் 9-ம் நிலையற்றவை. உடைந்தது முழுதாகவும், முழுது உடைந்ததாகவும் மாறி, முதல் குறியிலிருந்து இரண்டாவது குறி ஒன்று பிறக்கும். இன்றைய நிலை முதலாவது, அது போகும் திசை இரண்டாவது என்பது கணக்கு.

காசு முறையில் 6 வருவதற்கும் 9 வருவதற்கும் வாய்ப்பு சமம், எட்டில் ஒன்று. தண்டு முறையில் அப்படியில்லை. 9 வருவதற்குப் பதினாறில் மூன்று, 6 வருவதற்குப் பதினாறில் ஒன்று. அதாவது பழைய முறையில், முழுக்கோடு உடைவது உடைந்த கோடு முழுதாவதைவிட மூன்று மடங்கு அதிகம் நடக்கும். காசு வந்ததும் அந்தச் சாய்வு காணாமல் போனது. எந்தக் கோடும் மாறாமல் முதல் குறியோடு நின்றுபோக இரண்டு முறையிலும் சுமார் 18 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

இந்த எண்களில் எதற்கும் தங்க விலையோடோ நிஃப்டியோடோ தொடர்பு இருக்க வழியில்லை. காசுக்குச் சந்தை தெரியாது. மூன்று காசு எதையும் முன்கூட்டி அறியும் என்று நம்புகிறவரோடு வாதாட எனக்கு ஆர்வமில்லை. ஆனால் அவர் அதை வைத்து மற்றவர் பணத்துக்கு ஆலோசனை சொன்னால் வாதாடத்தான் வேண்டும். சீன மரபே இதில் நம்மைவிடக் கறாராக இருந்திருக்கிறது. 1973-இல் சாங்ஷா அருகே மாவாங்துய் கல்லறையிலிருந்து யீ ஜிங்கின் பட்டுச்சுவடி ஒன்று கிடைத்தது. அந்தக் கல்லறை மூடப்பட்டது கிமு 168-இல். சுவடியோடு இருந்த உரையில் கன்ஃபூசியஸ், 'நான் நூறு முறை குறி பார்த்தால் எழுபது பலிக்கும்' என்கிறார். தானும் குறிகாரர்களும் ஒரே சாலையில் போகிறவர்கள், போய்ச் சேரும் ஊர் வேறு, தான் தேடுவது அதிலுள்ள அறத்தை என்றும் சொல்கிறார். அது உண்மையில் அவர் பேச்சா, பின்னால் வந்தவர் அவர் வாயில் வைத்ததா என்பது வேறு விஷயம். முப்பது பொய்க்கும் என்று ஒப்புக்கொள்ளும் ஜோசியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கிமு மூன்றாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் சுன்ஸி இன்னும் ஒரு படி மேலே போய், யீ ஜிங்கில் தேர்ந்தவர் குறி பார்ப்பதில்லை என்றே எழுதிவிட்டார்.

தலைகீழாகத் திருப்பினால்

அப்படியானால் குறியை விட்டுவிட்டு நூலை மட்டும் படிப்போம். பணத்துக்கு நேராக வருபவை 41, 42, 60 ஆகிய மூன்று குறிகள்.

41-இன் பெயர் 'சுன்', குறைதல். 42-இன் பெயர் 'யீ', கூடுதல் (இதுவும் மாற்றம் என்ற யீ இல்லை, வேறு எழுத்து, சீனத்தில் இந்தத் தொல்லை தீராது). 41-ஐத் தாளில் வரைந்து தாளைத் தலைகீழாகத் திருப்பினால் 42 வந்துவிடும். நட்டமும் லாபமும் ஒரே படம், நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் வேறுபாடு. பத்துச் சரம் ஆமை இந்த இரண்டு குறியிலும் வருகிறது. 41-இல் ஐந்தாவது கோட்டில், 42-இல் இரண்டாவது கோட்டில். தாளைத் திருப்பினால் ஐந்தாவது கோடுதான் இரண்டாவதாகும். தொகுத்தவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

உரை இன்னொன்றும் சொல்கிறது. கீழே இருப்பதை எடுத்து மேலே கொடுத்தால் அதற்குப் பெயர் குறைதல். மேலே இருப்பதை எடுத்துக் கீழே கொடுத்தால் அதற்குப் பெயர் கூடுதல். அரசுக்குச் சொன்னது இது. குடிமக்களிடம் பிடுங்கி அரண்மனையை நிரப்பினால் கஜானா நிறைந்தாலும் அது நட்டக்கணக்குதான். குடும்பக் கணக்குக்கும் இதைக் கொண்டுவரலாம். அவசரத்துக்கென்று வைத்த பணத்தையும், காப்பீட்டு பிரீமியத்தையும், பிள்ளையின் படிப்புக் கட்டணத்தையும் எடுத்து மாடி கட்டுகிறவர், வீட்டின் மதிப்பு ஏறியது என்று காகிதத்தில் காட்டலாம். அஸ்திவாரத்தை எடுத்து மேல்தளம் போட்ட அந்த வீடு 41-வது குறி.

41-இன் தொடக்க வாசகத்தில் ஒரு சின்னக் கேள்வி இருக்கிறது. படையலுக்கு என்ன வேண்டும்? 'இரண்டு கிண்ணம் போதும்.' குறைந்த காலத்தில் குறைந்த படையல் தெய்வத்துக்கே ஏற்புடையது என்றால், உறவினர் கல்யாணத்துக்கு மொய் எழுதுவதிலும் அது பொருந்தும் என்று துணிந்து சொல்லலாம்.

42-க்குப் பிறகு 43. வரிசைக்குக் காரணம் சொல்லும் உரைப்பகுதி ஒன்று உண்டு. கூடிக்கொண்டே போய் நிற்காவிட்டால் கட்டாயம் உடையும், ஆகவே அடுத்தது உடைப்பு என்கிறது அது. அந்த இடத்தில் வரும் சீனச்சொல் ஆற்றங்கரை உடைவதற்கான சொல். மஞ்சளாற்று வெள்ளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களின் பொருளாதாரம் இது. 43-இன் படம் வானத்துக்கு மேல் ஏறிப்போன ஏரி. அதைப் பார்க்கும் மேன்மகன் தன் ஊதியத்தைக் கீழே இருப்பவர்களுக்குப் பகிர்ந்துகொடுக்க வேண்டும் என்று உரை சேர்க்கிறது. தானம் புண்ணியம் என்ற பேச்சே அங்கு இல்லை. கலிங்கு வைக்காத ஏரிக்கு என்ன ஆகும் என்பதுதான் பேச்சு.

கசந்த சிக்கனம்

60-வது குறி 'ஜியே'. மூங்கிலின் கணு என்பது அந்தச் சொல்லின் மூலப்பொருள். கணு இல்லாத மூங்கில் நெடுக வளராது, வளர்ந்தாலும் காற்றுக்கு நிற்காது. இன்று சீனத்தில் சிக்கனத்துக்குச் சொல்லும் 'ஜியேயுவே'வில் இருப்பது இந்தக் கணுதான். குறியின் படமோ ஏரிக்கு மேல் நீர். கரை எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் தேங்கும். அளவு வகுத்துக் கட்டுப்படுத்தினால் செல்வமும் சேதமாகாது, மக்களும் துன்பப்படமாட்டார்கள் என்று உரை.

ஆறு கோடுகளையும் கீழிருந்து படித்தால் ஒருவருடைய பணவாழ்க்கையையே படிப்பதுபோல் இருக்கும். முதல் கோடு: 'உள்முற்றத்தை விட்டு வெளியே போகவில்லை. குற்றமில்லை.' இரண்டாவது கோடு: 'வெளிவாசலைத் தாண்டிப் போகவில்லை. கேடு.' இரண்டிலும் மனிதன் செய்தது ஒன்றுதான், வீட்டிலேயே இருந்தான். முதலில் அது சரி, அடுத்து அதுவே கேடு. ஏன்? நேரத்தைத் தவறவிட்டான் என்கிறது உரை. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டு சம்பளத்தை அப்படியே சேமிப்புக் கணக்கில் குவிப்பது முதல் கோடு. பத்து ஆண்டு கழித்தும் எல்லாவற்றையும் அதே கணக்கில் வைத்துக்கொண்டு, விலைவாசி அதைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டாவது கோடு. பயந்தவர் ஒருபோதும் தவறு செய்யமாட்டார் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. இந்த நூல் அதை ஏற்கவில்லை.

மூன்றாவது கோட்டில் கட்டுப்பாடில்லாதவன் புலம்புகிறான். நான்கில் அமைதியான கட்டுப்பாடு. ஐந்தில் 'இனிக்கும் கட்டுப்பாடு', நன்மை. ஆறாவதில் 'கசக்கும் கட்டுப்பாடு', பிடிவாதமாகத் தொடர்ந்தால் கேடு. கசக்கும் கட்டுப்பாட்டை நிலைக்க வைக்க முடியாது என்று குறியின் தலைப்பு வாசகமே எச்சரித்துவிடுகிறது. ஜனவரி முதல் தேதி வெளியே ஒரு காபிகூடக் குடிக்கமாட்டேன் என்று சபதம் எடுத்து, மார்ச்சில் கிரெடிட் கார்டில் போன் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பளம் வந்த அன்றே எஸ்ஐபி என்ற மாதாந்திர முதலீடு தானாகக் கழிந்துவிட்டு, மிச்சத்தைக் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கலாம் என்ற ஏற்பாடு ஐந்தாவது கோட்டுக்குப் பக்கத்தில் வரும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். குறிகளின் முடிவில் நன்மை, கேடு என்று வருவதற்கு நடுவில் 'ஹுய்', 'லின்' என்று இரண்டு சொற்கள் வருகின்றன. ஹுய் என்றால் வருத்தம், செய்ததை நினைத்து நொந்துகொள்வது. லின் என்றால் இக்கட்டு. இன்றைய சீனத்தில் அதே எழுத்தோடுதான் கஞ்சத்தனத்துக்கான சொல் தொடங்குகிறது. 12-ஆம் நூற்றாண்டில் இந்த நூலுக்கு உரை எழுதிய ஜு சி, வருத்தம் கேட்டிலிருந்து நன்மையை நோக்கி நகர்கிறது, லின் நன்மையிலிருந்து கேட்டை நோக்கி நகர்கிறது என்று விளக்கினார். போன ஆண்டு தவறான பங்கை வாங்கியதற்காக நொந்துகொள்பவர் மேலேறிக்கொண்டிருக்கிறார். எல்லாம் நன்றாகத்தான் போகிறது, எதையும் மாற்றமாட்டேன் என்று கையை இறுக்கி மூடியவர் இறங்கிக்கொண்டிருக்கிறார். முதலீட்டு ஆலோசகரிடம் இப்படி ஒரு அளவுகோலை நான் கேட்டதில்லை.

இடி விழுந்த அன்று

51-வது குறி இடி. அதன் இரண்டாவது கோடு: 'இடி வருகிறது, ஆபத்து. சோழிகள் தொலைகின்றன. ஒன்பது குன்றுகளில் ஏறிப் போ. துரத்தாதே. ஏழு நாளில் திரும்பக் கிடைக்கும்.'

சந்தை சரியும் நாளுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. சீனாவிலிருந்தே ஒரு எடுத்துக்காட்டு. 2018 ஏப்ரல் வரை சீனாவில் லிசாய் திட்டங்களை மக்கள் கிட்டத்தட்ட டெபாசிட் போலவே நினைத்தார்கள். சொன்ன வருமானத்தை எப்படியாவது வங்கி கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை. அந்த மறைமுக உத்தரவாதத்தை முடிவுக்குக் கொண்டுவரும் விதிகள் அப்போது வந்தன. மாறிக்கொள்ள 2021 இறுதிவரை அவகாசம் கொடுத்தார்கள். 2022 நவம்பரில் கடன்பத்திரங்களின் விலை சட்டென இறங்கியது. எப்போதும் ஏறுமுகமாகவே இருக்கும் என்று நினைத்த எண் இறங்குவதை மக்கள் தங்கள் போனில் பார்த்தார்கள். பணத்தை எடுக்க ஓடினார்கள். கொடுப்பதற்காக நிதி மேலாளர்கள் பத்திரங்களை விற்க, விலை இன்னும் விழுந்தது, இன்னும் பலர் ஓடினார்கள். தொலைந்த சோழியைத் துரத்தியவர்கள் தாங்களே மேலும் சோழிகளைத் தொலைத்தார்கள்.

ஆனால் 51-ஐ மந்திரமாகப் பிடித்துக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஷென்ஷனில் எவர்கிராண்ட் நிறுவனத் தலைமையகத்தின் முன் கூடி நின்ற மக்களும் லிசாய் வாங்கியவர்கள்தான். அந்த ரியல் எஸ்டேட் குழுமமே விற்ற திட்டங்கள். சுமார் 300 பில்லியன் டாலர் கடன் சுமை வைத்திருந்த குழுமம் அது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. ஒன்பது குன்று ஏறி ஏழு நாள் காத்திருந்தவர்களுக்கு அங்கே போட்ட பணம் முழுதாகத் திரும்ப வரவில்லை. பரவலாகப் பிரித்துப் போட்ட பணம் விழுவதும், ஒரே கம்பெனியின் காகிதம் விழுவதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை எந்தக் கோடும் சொல்லித் தராது, பேலன்ஸ் ஷீட்தான் சொல்லும். யீ ஜிங் முதலீட்டுப் புத்தகங்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் இடம் இது.

சீன மரபில் சந்தையைப் பற்றி நேரடியாகப் பேசிய பக்கங்கள் வேண்டுமானால் குறிநூலைவிட வரலாற்றாசிரியர் சிமா சியானிடம் போவது மேல். வணிகர்களைப் பற்றி அவர் எழுதிய அத்தியாயத்தில், வறட்சியில் படகு வாங்கு, வெள்ளத்தில் வண்டி வாங்கு என்ற ஆலோசனை வருகிறது. விலை உச்சிக்கு ஏறினால் சாணிபோல் வெளியே தள்ளு, அடிமட்டத்துக்கு விழுந்தால் முத்துபோல் எடுத்துக்கொள் என்பதும் அங்கேதான். அரசவையைத் துறந்து வணிகரான ஃபான் லி 19 ஆண்டுகளில் மூன்று முறை ஆயிரம் பொன் சேர்த்து, இரண்டு முறை ஏழை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் பகிர்ந்துகொடுத்தார் என்கிறார். அவர் குறி பார்த்ததாக அந்தப் பகுதியில் இல்லை. முழுமையடைந்தது தேயும் என்ற யீ ஜிங் வாசனை மட்டும் வரிக்கு வரி அடிக்கிறது.

இரண்டாம் முறை கேட்காதே

குறி பலிக்கிறது என்று ஏன் இவ்வளவு பேர் சொல்கிறார்கள்? வாசகங்கள் பொதுவானவை. 'பெரிய ஆற்றைக் கடப்பது நன்று' என்று வந்தால் வேலையை விடுவதும், வீட்டுக்கடன் வாங்குவதும், மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் எல்லாம் அதில் அடங்கும். பலித்தது நினைவில் நிற்கும், பொய்த்தது மறந்துபோகும். நம்மூர்க் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பவர்களுக்கும் இது நடப்பதுதான்.

அதே சமயம், மனம் ஏற்கெனவே எங்கே சாய்ந்திருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதில் இந்தச் சடங்கு கெட்டிக்காரத்தனமானது. காசு சுண்டுவதற்கு முன் கேள்வியை எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். 'இந்த பிளாட்டை வாங்கலாமா' என்று எழுத ஆரம்பித்தவர், மைத்துனர் வாங்கிவிட்டாரே என்பதுதான் தன் கேள்வி என்று பாதியில் கண்டுகொள்ளக்கூடும். தண்டு முறையின் அரை மணி நேரம் கோபத்துக்கும் ஆசைக்கும் ஆற அவகாசம். ஒரு விரல் தட்டலில் பங்கு விற்கும் காலத்தில் அரை மணி நேரத் தடை மலிவான காப்பீடு. அதற்குத் தண்டு தேவையில்லை, தாளும் பேனாவும் போதும் என்பது என் கருத்து. தண்டு வைத்திருப்பவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

நான்காவது குறியில் நூல் தானே பேசுகிறது. 'முதல் முறை கேட்டால் சொல்வேன். இரண்டு, மூன்று முறை கேட்டால் அது அவமதிப்பு. அவமதித்தால் சொல்லமாட்டேன்.' அந்தக் குறியின் பெயர் இளமை அறியாமை. பிடித்த விடை வரும்வரை காசைச் சுண்டுபவர்களை 3,000 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். காலையில் இருந்து பன்னிரண்டாவது முறையாக போர்ட்ஃபோலியோ ஆப்பைத் திறப்பவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்.

யீ ஜிங்காலேயே பணக்காரர் ஆனவர் என்று கிழக்காசியாவில் அடிக்கடி காட்டப்படுபவர் ஜப்பானியர் தகாஷிமா கயெமோன், 1832-இல் பிறந்து 1914-இல் இறந்தவர். 1859-இல் துறைமுகங்கள் திறந்தபோது ஜப்பானுக்குள் ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் ஐந்து பங்கு வெள்ளி, வெளியே சுமார் பதினைந்து பங்கு. அந்த இடைவெளியில் அந்நியர்களோடு தங்கம் மாற்றிய குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். யீ ஜிங்கை அங்கேதான் ஊன்றிப் படித்தார் என்பது அவர் கதையில் தவறாமல் வரும். வெளியே வந்து யோகோஹாமாவில் குடியேறினார். ரயில் பாதைக்காகக் கடலோரத்தைத் தூர்த்துக் கொடுத்தார், 1872-இல் ஊருக்கு எரிவாயு விளக்கு கொண்டுவந்தார். அவர் பெயரில் இன்றும் அங்கே ஒரு பகுதி இருக்கிறது. செல்வம் வந்தது ஒப்பந்தங்களில் இருந்து. இட்டோ ஹிரோபூமி போன்ற அரசியல் தலைவர்களுக்குக் குறி பார்த்துச் சொன்னது புகழாக வந்தது.

குறி சொல்வதை அவர் தொழிலாகச் செய்யவில்லை. ஜப்பானிய மொழியில் ஆரூடத்துக்கு 'உரனாய்' என்று பெயர். 'விற்கமாட்டேன்' என்பதையும் 'உரனாய்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சிலேடையை அவர் சொன்னதாகவே சொல்வார்கள். இன்று ஜப்பானியப் புத்தகக் கடைகளில் ஆண்டிறுதியில் தகாஷிமா பெயர் போட்ட பஞ்சாங்கங்கள் அடுக்கி இருக்கும். அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத பல குழுக்கள் அந்தப் பெயரை வைத்துக் கட்டணம் வாங்கிக் குறி சொல்கின்றன.